கேட்டில் கட்டிய வேட்டி

ஈப்போ
16 ஜனவரி 2026

அன்புத் தம்பி தனேசுக்கு,

பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். நலமா? இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் நலம். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? இன்னும் வெளியில்தான் சாப்பிடுகிறாயா?

உன் கைப்பேசியில் என் எண்ணை அடைத்து வைத்து நாலு வருஷம் ஆகப்போகிறது. கடிதத்தை அடைக்க முடியாதே என்று எழுதுகிறேன். முகவரியை விமலா சின்னம்மாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவரைத் திட்டாதே.

ஓர் உதவி வேண்டும். நான் கோப்பெங் பக்கம், நம் பழைய தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கு மாறி வந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு. தலைமையாசிரியர் ஜெயபாலன் மே மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறார். கோவிட் காலத்தில் நாட்டில் என்ன நடந்தது என்று பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. பழைய படம் ஒன்றைக் காட்டினேன். "டீச்சர், இவங்கள்லாம் ஏன் வாய மூடியிருக்காங்க? பல்லு விழுந்துருச்சா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தேன். மணி அடித்த பிறகுதான் எழுந்தேன்.

எல்லை மூடிக்கிடந்தபோது நீ அந்தப் பக்கம் எப்படி இருந்தாய் என்று நாலு வரி எழுதி அனுப்பு. வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். வேறு எதற்காகவும் எழுதவில்லை.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
குமுதா


சிங்கப்பூர்
22 பிப்ரவரி

அக்காவுக்கு,

நலம். வயிற்றுப் புண் அப்படியேதான். பிள்ளைகள் நலம் என்று சின்னம்மாவும் சொன்னார்.

நீ கேட்ட நாலு வரி இதுதான். மலேசியாவுக்கு வரும் பாலம் மூடியிருந்தது. ஜொகூர் விளக்குகள் என் அறை ஜன்னலில் தெரியும். பார்க்கலாம், போக முடியாது. அப்பா இறந்த செய்தி போனில் வந்தது. மறுநாள் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். அஸ்தியையாவது வைத்திரு, பாதை திறந்ததும் நானே வந்து கரைக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். ஒன்பது மாதம் கழித்து வந்தேன். பானை இல்லை. இரண்டாம் வாரமே கரைத்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட முடியுமென்றால் காட்டு.

இன்னொன்றும் சொல்லிக்கொடு. உதவி வேண்டுகிறவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள், அக்கம்பக்கம் வந்து பார்க்கும் என்று அப்போது நாடே பேசியது. கட்டியும் யாரும் வராத வீடு உண்டு.

தனேஸ்வரன்


ஈப்போ
4 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்தே மனம் நிறைந்தது. மச்சானுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி எல்லாரும் நலம்.

நீ எழுதியதில் பாலத்தைப் பற்றிய பகுதியை வகுப்பில் படித்தேன். பார்க்க முடிகிற ஊருக்கு ஏன் போக முடியவில்லை என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. ஆகவே வீட்டிலிருந்து அந்தக் காலத்துப் பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். வந்ததைக் கேட்டால் நீயும் சிரிப்பாய். கார்ட்டூன் போட்ட மாஸ்க் ஒன்பது. நெற்றியில் காட்டும் தெர்மோமீட்டர் ஒன்று. மாவட்டம் தாண்டிப் போகப் போலீஸ் கொடுத்த கடிதம் ஒன்று. ஒரு பெண் அவள் அம்மா வாங்கி அடுக்கிய கழிப்பறைத் தாளில் கடைசிச் சுருளைக் கொண்டுவந்தாள். ஐந்து வருஷமாகப் பத்திரமாக இருந்ததாம்.

பானையைப் பற்றி. வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. அதற்கு மேல் கேட்காதே.

ஒரு சின்னச் சந்தேகம். கொடி கட்டியும் யாரும் வராத வீடு என்று எழுதியிருக்கிறாய். பேப்பரில் படித்ததா? அல்லது யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஈப்போ
27 மார்ச்

தம்பி தனேசுக்கு,

நலமா? பதில் வரவில்லையே என்று பார்த்தேன். தபால் தாமதமாக இருக்கலாம்.

ஒரு விஷயம் நடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, மச்சானிடம் சொல்ல முடியாது. என் வகுப்பில் லோஷினி என்று ஒரு பெண். லாரி ஓட்டும் பழனியப்பன் மகள். அப்பா வீட்டுக்கு அடுத்த வீடு, வேலிக்கு அந்தப் பக்கம், உனக்குத் தெரியும். நான் இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. ஆகவே நான் யார் வீட்டுப் பெண் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

லோஷினி ஒரு துணி கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் பையில் மடித்து, உள்ளே ரசகற்பூரம் போட்டு. "டீச்சர், இது பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டுல கட்டுன கொடி. அவரு செத்துட்டாராம்" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். நான் பையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிள்ளைகள் பார்க்க இது நல்ல பொருள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் என் மேசைக்கு வருகிறாள். "டீச்சர், என் கொடி எப்ப வெளிய வரும்?" என்கிறாள். பள்ளி கேட்டில் அவள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காரிலிருந்து இறங்குகிறேன். இருந்தால் அவர் போகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயப்படுகிறேன்.

எழுது.
அக்கா


சிங்கப்பூர்
8 ஏப்ரல்

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அந்தத் துணிக்குப் பச்சை மயில்கண் கரையா? அப்படியென்றால் அது நான் தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்த வேட்டி.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாய். சொல்கிறேன். கொடி கட்டச் சொன்னவனே நான்தான். அந்தத் திங்கட்கிழமை அப்பா எனக்குப் போன் செய்தார். காய்ச்சல் என்றார். பேசும்போதே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா என்றேன். போனவன் எவனும் திரும்பலடா என்றார். "அக்காகிட்ட சொல்லிராத. பயந்து ஓடியாந்துருவா. ரோட்டுல போலீஸ் நிக்குது, மாவட்டம் தாண்டுனா புடிச்சிருவான்" என்றார். உன்னிடம் சொல்லவில்லை. "வாசல்ல வெள்ளத் துணி கட்டுங்கப்பா, யாராச்சும் வந்து பாப்பாங்க" என்றேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

புதன்கிழமை கூப்பிட்டு, யாராச்சும் வந்தாங்களாப்பா என்று கேட்டேன். "வருவாங்கடா, என்னா அவசரம்" என்றார். வியாழன் எடுக்கவில்லை. வெள்ளி உன் போன் வந்தது.

ஐந்து வருஷமாக இதை வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் கொடி தொங்கியிருக்கிறது. பழனியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஆள் செத்த பிறகு துணியை மட்டும் எடுத்து ரசகற்பூரம் போட்டு வைத்திருக்கிறான்.

கண்காட்சி என்றைக்கு என்று எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். எல்லாப் பெற்றோர் முன்னாலும் அவனைக் கேட்கப் போகிறேன்.

தனேஸ்


ஈப்போ
15 ஏப்ரல்

தம்பி,

வராதே. பழனியப்பன் மீது தப்பில்லை. நான் சொல்வதை நம்பு. அவர் பிள்ளை என் வகுப்பில் படிக்கிறது. அந்தப் பிள்ளை முன்னால் அவரை அவமானப்படுத்தினால் பிறகு நான் அங்கே வேலை பார்க்க முடியாது.

கரை பச்சைதான்.

அக்கா


சிங்கப்பூர்
22 ஏப்ரல்

அக்கா,

தப்பில்லை என்றால் எப்படி இல்லை என்று எழுது. இரண்டு வரியில் மூடி மறைக்கிற வேலை வேண்டாம். தேதியை ஜெயபாலன் சாரிடம் பள்ளிக்கே போன் செய்து கேட்டுவிட்டேன். மே 14. விடுப்புக்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது. வருகிறேன்.

தனேஸ்


ஈப்போ
29 ஏப்ரல்

தம்பி தனேசுக்கு,

நீ இதைப் படித்து முடித்த பிறகு என்னை அக்கா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ தெரியாது. அதற்குப் பயந்துதான் ஐந்து வருஷமாக எழுதவில்லை. இன்றும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். மச்சான் கடைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

கொடி மூன்று நாள் தொங்கவில்லை. நாலு மணி நேரம்கூடத் தொங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பழனியப்பன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நம் வீட்டு கேட், அதில் வேட்டி. கீழே, "டீச்சர், அப்பா கொடி கட்டியிருக்காரு. என்னான்னு கேளுங்க" என்று எழுதியிருந்தார். அவர் கேட்கச் சொன்னார் தனேஸ். நான் கேட்கவில்லை.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கொடி என்றால் அரிசி இல்லாத வீடு என்றுதான் நினைத்தேன். அந்த மாதம்தான் அப்பாவுக்கு இரண்டு மூட்டை அரிசியும் சாமானும் ஆள் மூலம் அனுப்பியிருந்தேன். அந்தப் படம் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்குமோ, பள்ளியில் யார் யார் பார்த்திருப்பார்களோ என்றுதான் புத்தி ஓடியது. அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டேன். "ஏம்ப்பா மானத்த வாங்குறீங்க? டீச்சரோட அப்பா சோத்துக்கு இல்லாம கொடி கட்டியிருக்காருன்னு ஊர் பேசணுமா? மொதல்ல அத அவுருங்க" என்றேன்.

அப்பா இருமினார். இருமியதை நான் கேட்டேன். அப்புறம், "சரிம்மா, அவுத்துர்றேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. பத்து மணிக்கு இணைய வகுப்பு இருந்தது.

புதன்கிழமை நீ கேட்டபோது அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வருவாங்கடா என்றிருக்கிறார். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

லோஷினி இன்னும் ஏதோ சொன்னாள் என்று எழுதியிருந்தேனே. அவள் சொன்னது இதுதான். "அந்தத் தாத்தாவோட மக கட்டக்கூடாதுன்னுட்டாங்களாம். அதான் வேலி மேல தூக்கி எங்கப்பாகிட்ட குடுத்துட்டாராம். ஒனக்கு வேணும்னா கட்டிக்கன்னு." பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, "யாரு டீச்சர் அந்த மக?" என்று கேட்டது. இருபத்திரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அலமாரியைப் பூட்டினேன்.

ஆகப் பழனியப்பனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருஷமாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்கு வணக்கம் வைக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகளிடம்கூட அது நான் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கதவைத் தட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

பானை என் சமையலறை மேல்தட்டில் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சரிம்மா, அவுத்துர்றேன் என்று காதில் விழுந்தது. நீ வந்து அதைக் கையில் எடுத்தால் உனக்கும் கேட்டுவிடும் என்று பயந்தேன். கரைத்துவிட்டேன். உன் உரிமையை என் பயத்துக்காகப் பறித்தேன்.

14ஆம் தேதி வருவதானால் வா. கேட்க வேண்டியதை என்னைக் கேள். எல்லார் முன்னாலும் கேள்.

குமுதா


ஈப்போ
17 மே

தம்பி தனேசுக்கு,

நலமாக இருக்கிறாயா? கண்காட்சி முடிந்தது. காலை முழுவதும் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். நீ வரவில்லை.

அதற்கு முந்தைய நாள் வகுப்பில் அலமாரியைத் திறந்தேன். வேட்டியை மேசைமேல் விரித்தேன். லோஷினி சொன்ன அந்த மகள் நான்தான் என்று சொன்னேன். அவர் என் அப்பா, பெயர் மாயாண்டி, காய்ச்சல் வந்து உதவி கேட்டார், எனக்கு வெட்கமாக இருந்ததால் அவிழ்க்கச் சொன்னேன், மூன்று நாளில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பல்லு விழுந்துருச்சா என்று கேட்டவன் கை தூக்கினான். "டீச்சர், சாப்பாடு இல்லாட்டித்தான் கட்டணுமா?" என்றான். எதற்கு வேண்டுமானாலும் கட்டலாம் என்றேன். "பயமா இருந்தாக்கூடவா?" என்று லோஷினி கேட்டாள். பயமாக இருந்தால் கட்டாயம் கட்டலாம் என்றேன். அவ்வளவுதான் பாடம். ஐந்து மாதம் வரைபடமும் எண்ணிக்கையும் காட்டி நான் சொல்லிக்கொடுக்க முடியாதது.

கண்காட்சியன்று பழனியப்பன் வேட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். நான் கிட்டே போனேன். "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றார். "அவரு கொடிய அவுத்துட்டாருன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. தொங்கிக்கிட்டிருந்தா நான் உள்ள போயிருக்கணும்லா. வீட்ல மூணு வயசுப் புள்ள. பயந்துட்டேன். வெள்ளிக்கிழம வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பல." அவர் அழுதார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முடிந்ததும் வேட்டியை லோஷினியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எழுது, திட்டியாவது எழுது.
அக்கா


சிங்கப்பூர்
10 ஜூன்

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. முதலாவதைப் பட்டறை லாக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டு படித்தேன். பக்கத்தில் இருந்தவன் வாந்தி எடுக்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான்.

மே 14 அன்று நான் வந்தேன். தாப்பா வரை வந்தேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, கோப்பெங் பக்கம் போகிற பேருந்து மூன்றை விட்டேன். பிறகு திரும்பிவிட்டேன். கோபத்தில் திரும்பவில்லை அக்கா. உன் கடிதத்தை முழுக்கத் தேடிப் பார்த்தேன். காய்ச்சல் என்று தெரிந்தும் ஏண்டா எனக்குச் சொல்லவில்லை என்று நீ ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. நேரில் வந்தால் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். திங்கட்கிழமை நான் ஒரு போன் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை நீ அப்படிப் பேசியிருக்க மாட்டாய்.

பானைக்காக உன்மேல் கோபம் என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டேன். கோபமாக இருக்கும்வரை இதை நினைக்க வேண்டியதில்லை, அதனால்தான்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். உடனே கூப்பிடாதே. கூப்பிட்டால் எனக்குப் பேச வராது.

மச்சானைச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.
தனேஸ்


ஈப்போ
19 ஜூன்

அன்புத் தம்பி தனேசுக்கு,

மச்சானுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. நீ எழுதிய கேள்வியை நான் கேட்க நினைத்ததுண்டு. எத்தனையோ முறை நினைத்தேன். அதை இந்தக் கடிதத்தில் எழுதலாம் என்று நினைத்திருந்தபோதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

லோஷினி இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி வேன் ஓட்டும் சீனி அண்ணன் அன்று வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், அந்தப் புள்ள வீட்டு கேட்டுல ஏதோ வெள்ளத் துணி தொங்குது. காயப்போட்ட மாதிரி தெரியல" என்றார். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனையில் காரை நிறுத்தி நடந்தேன். அப்பா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கூரை இறங்கிவிட்டது. கேட் மட்டும் நிற்கிறது. அடுத்த கேட்டில் பச்சை மயில்கண் கரை. எட்டு வயதுப் பிள்ளை போட்ட முடிச்சு, பள்ளிக் காலணிக் கயிற்றில். என் கை தானாக அந்த முடிச்சுக்குப் போனது தனேஸ். அவிழ்க்கத்தான் போனது. உன்னிடம் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே போனேன்.

பழனியப்பன் பாயில் கிடந்தார். டிங்கிக் கொசுக்காய்ச்சல், நாலாம் நாள். கண் திறக்க முடியவில்லை. மனைவி இரட்டை ஷிப்ட் போயிருந்தாள், தொழிற்சாலையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். லோஷினி ஈரத்துணியோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "பயமா இருந்துச்சு டீச்சர். அதான் கட்டுனேன். ரெண்டு பேரு பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். "நான் வந்துட்டேன்லா" என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வரும்வரை அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்த அணுக்கள் குறைந்து உடம்பு தாங்கியிருக்காது என்றார் டாக்டர். நேற்றுக் கஞ்சி குடித்தார். நாளை வீட்டுக்கு விடுகிறார்கள்.

அவர் உன்னைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை நானும் அங்கே இருப்பேன். நீ கேட்பதை நீ கேள், நான் கேட்பதை நான் கேட்கிறேன். தாப்பாவில் பேருந்தை விடாதே. வேட்டியை அவிழ்க்க வேண்டாம் என்று லோஷினியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டில்தான் இருக்கும். பார்த்துக்கொண்டு நிற்காமல் உள்ளே வா.

அக்கா